இசைத்தவரே கைவிட்ட ஆல்பம்

நமக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தை நண்பன் கிண்டல் செய்தால் சிரித்துச் சமாளித்துவிடலாம். பத்திரிகை விமர்சகர் திட்டினால் "அந்த ஆளுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடலாம். அந்த ஆல்பத்தில் கிதார் வாசித்தவரே வந்து "அதைக் கேட்கவே முடியாது" என்று சொன்னால் என்ன செய்வது?

ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தத் தர்மசங்கடம் வந்தது. ஆல்பத்தின் பெயர் 'அரவுண்ட் தி சன்'. வெளிவந்தது 2004 அக்டோபர்.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால்தான் ரசிகர்களின் கோபம் புரியும்.

புரியாத வரிகளும் நாலு நண்பர்களும்

1980-இல் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ் என்ற சிறிய பல்கலைக்கழக ஊரில் தொடங்கிய குழு இது. பாடகர் மைக்கேல் ஸ்டைப், கிதார் பீட்டர் பக், பேஸ் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெர்ரி. ரெக்கார்டு கடையில் வேலை பார்த்துக் கொண்டிருந்த பக், கடைக்கு வந்துபோன ஸ்டைப்புடன் நண்பரானார். ஆரம்பம் அவ்வளவுதான்!

முதல் ஆல்பம் 'மர்மர்' 1983-இல் ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய நிறுவனத்தின் மூலம் வந்தது. ஸ்டைப் என்ன பாடுகிறார் என்பது பாதி நேரம் யாருக்கும் புரியாது. வரிகளை அட்டையில் அச்சடிக்கவும் மாட்டார்கள். கேட்டவர்கள் தங்களுக்குக் கேட்ட வார்த்தைகளைப் போட்டு நிரப்பிக் கொண்டார்கள். பெரிய வானொலி நிலையங்கள் கண்டுகொள்ளாதபோது கல்லூரி வானொலிகள்தான் இவர்களைத் தூக்கிப் பிடித்தன. இண்டி ராக் என்று பின்னாளில் பெயர் பெற்ற வகைக்குப் பாதை போட்டவர்களில் இவர்களும் உண்டு.

இதனால் அந்தக் கால ரசிகர்களுக்கு ஒரு உரிமை உணர்வு வந்துவிட்டது. "இது நாங்கள் கண்டுபிடித்த குழு" என்ற உணர்வு. பின்னால் நடந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

8 கோடி டாலர்

1988-இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் போனார்கள். 'அவுட் ஆஃப் டைம்' (1991), 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' (1992) இரண்டும் உலகம் முழுக்க ஓடின. 1994-இல் வந்த 'மான்ஸ்டர்' லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் அதன் ஆரஞ்சு நிற அட்டை, பழைய சிடி விற்கும் கடைகளில் எங்கும் குவிந்து கிடந்ததும் பிரபலம். வாங்கினார்கள், கேட்டார்கள், திருப்பி விற்றார்கள். ரசிகர் கருத்தை இதைவிடத் தெளிவாக எந்த விமர்சகர் எழுத முடியும்?

1996-இல் வார்னர் மறுபடி ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆல்பங்களுக்கு 8 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டே பெர்ரி விலகினார். 1995-இல் சுவிட்சர்லாந்தில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் சரிந்து, உயிர் பிழைத்தவர் அவர். மூன்று கால் நாயும் நாய்தான், வேறு விதமாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார் ஸ்டைப்.

அப்படித்தான் ஓடினார்கள். 'அப்' (1998) ஆல்பத்தில் டிரம் மெஷின், கீபோர்டு. முதல் முறையாகப் பாடல் வரிகளையும் அச்சடித்தார்கள். 'ரிவீல்' 2001-இல் வந்தது. அமெரிக்காவில் விற்பனை இறங்கிக்கொண்டே போனது.

2004

'அரவுண்ட் தி சன்' வந்த நேரம், ஈராக் போர் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. புஷ்ஷுக்கு எதிராக ஓட்டுக் கேட்ட 'வோட் ஃபார் சேஞ்ச்' கச்சேரிகளில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் இவர்களும் மேடையேறினார்கள். போருக்கு எதிரான 'ஃபைனல் ஸ்ட்ரா' பாடலை 2003-லேயே இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அதுவும் இந்த ஆல்பத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் முதல் இடம். அமெரிக்காவில் 13-வது இடம். 1988-க்குப் பிறகு அவர்களது புதிய ஸ்டுடியோ ஆல்பம் ஒன்று அங்கே முதல் பத்துக்குள் வராதது இதுதான் முதல் முறை.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரிய கூட்டம் சொன்ன குறை: எல்லாப் பாட்டும் ஒரே நிதானத்தில் போகிறது, 13 பாட்டு, 55 நிமிடம், எங்கேயும் வேகம் பிடிக்கவில்லை. பக்கின் கிதார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி உயிரை எடுத்துவிட்டார்கள்!

சின்னக் கூட்டம் வேறு விதமாகக் கேட்டது. 'லீவிங் நியூயார்க்' பாடலில் ஒரு ஊரைவிட்டுக் கிளம்புபவரின் துக்கம் அவர்களுக்குக் கேட்டது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவது மாதிரி இருக்கிறது, அந்த மந்தம்தான் அந்த வருடத்தின் மனநிலை என்று வாதாடினார்கள்.

பக் பின்னர் கொடுத்த பேட்டியில் முதல் கூட்டத்தின் பக்கம் சேர்ந்துவிட்டார். பாடல்கள் மீது சலிப்படைந்து, இனி தாங்காது என்ற நிலையில் இருந்தவர்கள் வாசித்தது அப்படியே கேட்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நடுவில் பதிவை நிறுத்திவிட்டு, 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்புக்காக 2003-இல் சுற்றுப்பயணம் போய்வந்து மறுபடி தொடர்ந்த ஆல்பம் அது.

வாதாடியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கட்சிக்காரரே குற்றத்தை ஒப்புக்கொண்டால் வக்கீல் என்ன செய்வார்?

டப்ளினில் ஐந்து இரவுகள்

2007-இல் ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலுமாக டப்ளின் நகரத்து ஒலிம்பியா அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்தார்கள். இது கச்சேரி இல்லை, ஒத்திகை என்று சொல்லியே டிக்கெட் விற்றார்கள். முடிக்காத புதுப் பாடல்களை ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பார்த்தார்கள். கூடவே இருபது வருடத்துக்கு முந்தைய ஐ.ஆர்.எஸ். காலப் பாடல்கள். ஸ்டைப் லேப்டாப்பில் வரிகளைப் பார்த்துப் பாடினார்.

அதன் விளைவு 'ஆக்சிலரேட்' (2008). 11 பாட்டு, 35 நிமிடம்கூட இல்லை. கிதார் முன்னால் வந்தது. பிரிட்டனில் முதல் இடம், அமெரிக்காவில் இரண்டாவது இடம். "பழைய ஆர்.இ.எம். திரும்பிவிட்டது" என்று எல்லோரும் எழுதினார்கள். பாராட்டுதான். ஆனால் நடுவில் பத்து வருடம் செய்ததெல்லாம் வீண் என்ற அர்த்தமும் அதற்குள் இருக்கிறது.

டப்ளினில் இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேசப்படாதது. கைவிடப்பட்ட 2004 ஆல்பத்திலிருந்து 'தி வொர்ஸ்ட் ஜோக் எவர்' என்ற பாட்டையும் வாசித்தார்கள். 2009-இல் வந்த ஒலிம்பியா நேரடிப் பதிவின் 39 பாடல்களில் அதுவும் ஒன்று. அதே பாட்டு, புது மூச்சோடு இருக்கிறது.

யார் சொன்னது சரி?

வணிகவியலில் அடக்க விலை என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைச் செய்ய என்ன செலவானது என்ற கணக்கு. வாங்கியவருக்கு அது எவ்வளவு பயன்பட்டது என்பது வேறு கணக்கு. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்ல முடியாது.

பக் சொன்னது முதல் கணக்கு. அந்த ஸ்டுடியோவில் இருந்த சலிப்பு அவருக்கு ஒவ்வொரு நிமிடத்திலும் கேட்கிறது. பொய் இல்லை. ஆனால் 2004 தேர்தல் முடிவு வந்த இரவில் அந்த ஆல்பத்தைப் போட்டுக் கேட்டவர் ஸ்டுடியோவில் இல்லை. அவருக்குக் கிடைத்த ஆறுதலைத் திரும்பப் பெற பக்குக்கும் உரிமை கிடையாது. வரிகள் புரியாத காலத்தில் தாங்களே நிரப்பிக் கொண்ட ரசிகர்கள் இவர்கள். அன்று கொடுத்த அதிகாரத்தை இன்று எப்படிப் பிடுங்குவது?

அதற்காகக் குறை சொன்னவர்கள் தப்பு என்றும் ஆகாது. அவர்கள் முணுமுணுக்காமல் இருந்திருந்தால் டப்ளின் ஐந்து இரவுகளுக்கு அவசியமே வந்திருக்காது.

ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஆல்பம் 'கொலாப்ஸ் இன்டு நவ்' 2011 மார்ச்சில் வந்தது. அதே வருடம் செப்டம்பர் 21-ஆம் தேதி குழுவைக் கலைப்பதாக அறிவித்தார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை.

சிடி மட்டும் அலமாரியில் இருக்கிறது. கேட்பவர் இருக்கும்வரை அது கைவிடப்பட்ட ஆல்பம் இல்லை.