ஹைட்ரஜன் நாளைய எரிபொருளா? நேற்றைய கதையையும் கேட்போம்

“தண்ணீரில் ஓடும் கார் வந்துவிட்டதாமே, உண்மையா?” தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஒரு நேயர் இப்படிக் கேட்டதும் அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. ஹைட்ரஜன் வந்தால் புகையும் இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை என்றது ஒரு தரப்பு. அது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது என்றது மறு தரப்பு. நெறியாளர் என்ற முறையில் அன்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால், நிகழ்ச்சி முடிந்து உம்பாய்க்கு வந்தபோது என் மாமா விடவில்லை.

“ஏம்பா, இந்தப் புது கேஸும் என் டாக்சி கேஸ் மாதிரிதான் ஆகுமா?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கோலாலம்பூரில் பல ஆண்டுகள் டாக்சி ஓட்டியவர் அவர். இயற்கை எரிவாயுதான் எதிர்காலம் என்று சொல்லக் கேட்டு, கடன் வாங்கித் தோம்பு பொருத்தினார். பெட்டி வைக்கும் இடம் பறிபோனது. எரிவாயு நிரப்ப மணிக்கணக்கில் வரிசையில் நின்றார். மலிவு என்பதால் பொறுத்துக் கொண்டார். 2024 அக்டோபரில் அரசாங்கம் ஓர் அறிவிப்பு செய்தது. பழைய தோம்புகளின் பாதுகாப்பு காரணமாக, 2025 ஜூலை 1 முதல் வாகன இயற்கை எரிவாயு விற்பனை நிறுத்தப்பட்டது. ஓர் எரிபொருளை நம்பியவரின் கதை இது. ஆகவே, அடுத்த எரிபொருளைப் பற்றிப் பேசும்போது வரலாற்றையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஹைட்ரஜன் புதிய பொருள் அல்ல. 1766இல் ஹென்றி கேவன்டிஷ் என்ற ஆங்கிலேயர் இதைத் தனி வாயுவாக அடையாளம் கண்டார். பிரான்சின் லவோசியேதான் பெயர் வைத்தார்; ‘நீரை உண்டாக்குவது’ என்பது அதன் பொருள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஹைட்ரஜன் எரிந்த பிறகு மிஞ்சுவதுதான் தண்ணீர். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. சாம்பலை மறுபடி விறகாக்க வெளியிலிருந்து சக்தி வேண்டும் அல்லவா? தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கவும் மின்சாரம் வேண்டும். ஆக, தண்ணீரில் ஓடும் கார் என்று ஒன்றில்லை.

இந்த வாயுவை வைத்து நம் வட்டாரத்தில் அடுப்பு எரித்த கதையும் உண்டு. 1862இல் சிங்கப்பூர் காலாங்கில் எரிவாயு ஆலை அமைந்தது. 1864இல் தெருவிளக்குகள் எரிந்தன. நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன்தான். இன்றும் சிங்கப்பூரில் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாயில் வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் பெரும் பங்கு வகிக்கிறது. ஆனால், அது இப்போது இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. அடுப்பில் எரியும் என்பது உறுதி; சுத்தமானது என்று மட்டும் சொல்ல முடியாது.

வண்டி ஓட்டிய கதையும் பழையதுதான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் உலகின் பல நாடுகளில் கரி வாயுவால் பஸ்களும் லாரிகளும் ஓடின. ஜப்பானியர் காலத்து மலாயாவிலும் அதே நிலைதான். பின்னால் கலனைக் கட்டி, கரியை எரித்துப் பெற்ற வாயு அது. அதில் ஹைட்ரஜனும் கலந்திருந்தது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கலனைக் கழற்றி எறிந்தார்கள். தட்டுப்பாட்டில் கைகொடுத்தது, வசதி வந்ததும் காணாமல் போனது.

இன்று நம் நாட்டில் இதில் முன்னணியில் இருப்பது சரவாக். 2019இல் கூச்சிங்கில் ஹைட்ரஜன் தயாரிப்பு ஆலையும் நிரப்பு நிலையமும் திறக்கப்பட்டன. ஹைட்ரஜன் பஸ்கள் சோதனை ஓட்டம் கண்டன. ஏன் சரவாக்? அங்கே 2,400 மெகாவாட் திறன் கொண்ட பாக்குன் உள்ளிட்ட நீர்மின் அணைகள் இருக்கின்றன. தீபகற்பத்தில் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் கிடைக்கிறது. அந்த மின்சாரத்தில் மலாக்காவில் ஹைட்ரஜன் தயாரித்தால், புகை வண்டியின் பின்னால் வராது. மின் நிலையத்தின் புகைபோக்கியில் வரும்.

தமிழ்நாட்டிலும் முயற்சி நடக்கிறது. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில், கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகு தொடங்கி வைக்கப்பட்டது. 2025இல் சென்னை பெரம்பூர் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. படகும் ரயிலும் குறித்த வழியில் சென்று, குறித்த இடத்துக்குத் திரும்புகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிரப்பினால் போதும்.

காரின் நிலை வேறு. டொயோட்டா மிராய் காரில் சுமார் 5.6 கிலோ ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். அதற்கான நிலையம் கட்ட பெரும் செலவாகும். கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் 2024இல் தன் கார் நிரப்பு நிலையங்களை மூடிவிட்டது. கார் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

கணக்கும் இடிக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதில் அடங்கும் சக்தியோ 33 யூனிட். அதை அழுத்தி, ஏற்றி, மறுபடி மின்சாரமாக்கிச் சக்கரத்தைச் சுழற்றும்போது, போட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம். அதே மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்கரத்தைச் சேரும்.

வீட்டு வெப்பத்துக்கும் இதே கதிதான். இங்கிலாந்தில் ஒரு பகுதியின் வீடுகளையே ஹைட்ரஜனுக்கு மாற்ற இரண்டு ஊர்களில் திட்டம் போட்டார்கள். விட்பியில் மக்கள் எதிர்த்தார்கள், ரெட்காரில் போதிய ஹைட்ரஜன் கிடைக்கவில்லை. 2023இல் இரண்டுமே கைவிடப்பட்டன. நம் செம்பனை ஆலைகளோ நாரையும் ஓட்டையும் எரித்தே கொதிகலனை ஓட்டி வருகின்றன. உம்பாயில் மீன் சுடுவதற்கும் கரியே போதும்.

அப்படியென்றால் ஹைட்ரஜன் வீணா? இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்கவும், உரம் தயாரிக்கவும் ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. நம் தங்கா பத்துவிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டன் ஹைட்ரஜன் பயன்படுகிறது. அதில் சுத்தமான முறையில் தயாராவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் அதைச் சுத்தமாக்குவதுதான் முறை. எஃகு ஆலை, கப்பல் போன்ற பேட்டரி எட்டாத இடங்கள் அடுத்தது. வீட்டு அடுப்பும் குடும்பக் காரும் கடைசி வரிசையில்தான் வரும்.

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ யாராவது தோம்பு மாட்டச் சொன்னா, நிரப்புற இடம் எங்கே, எத்தனை வருஷம் இருக்கும்னு முதல்ல கேட்கணும்” என்றார். இரண்டு தரப்பும் மணிக்கணக்கில் வாதிட்ட கருத்தரங்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நாம் கேட்போம். அடுத்த முறை கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.