கொடுத்தவனுக்கு என்ன உரிமை?

“காசு வாங்காமல் கொடுத்துவிட்டவருக்குப் பிறகு ஏன் சேர் கோபம்?”

மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியிலுள்ள எங்கள் கட்டைபறிச்சானில், மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில், தரம் 11இல் படிக்கும் மாணவன் ஒருவன் இவ்வாறு கேட்டான். தமையனின் மடிகணினியில் அவன் விரும்பி ஆடும் விளையாட்டொன்றுக்கு வெளிநாட்டார் ஒருவர் செய்து வைத்திருந்த மாற்றம், வலைத்தளத்திலிருந்து திடீரென மறைந்துபோயிற்று. ஆக்கியவர் தளத்தாரோடு மனம் கசந்து, தம் ஆக்கங்கள் யாவற்றையும் நீக்கிக்கொண்டு போய்விட்டாராம். விளையாட்டுப் பாழாகிய துயரம் மாணவனுக்கு. அத்துயரத்தினின்றும் பிறந்தது அவன் கேள்வி.

கேள்வி சிறுபிள்ளைத்தனமானதன்று. உழைப்புக்கும் உடைமைக்கும் உள்ள உறவு யாது என்னும் பழைய வினாவே புதிய உடை தரித்து வந்திருக்கிறது. விளையாட்டுத்தானே என்று நம்மில் பலர் இதனை ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் நம் மாணவர் நாளை எவ்வகை உறவுகளுக்குள் நின்று உழைக்கப் போகிறார்கள் என்பது இந்த விளையாட்டுக் களத்தில் இன்றே தெளிவாகத் தெரிகிறது. ஆதலின் இதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

ஒரு நிறுவனம் கணினி விளையாட்டொன்றை ஆக்கி விற்கிறது. அதனை வாங்கி ஆடியவன் அதன் குறைகளைக் காண்கிறான். பிழைகளைத் திருத்துகிறான், புதிய ஊர்களையும் மாந்தரையும் கதைகளையும் அதனுள் சேர்க்கிறான். இவ்வாறு ஆடுவோரே செய்துகொள்ளும் மாற்றத்துக்கு ‘மோட்’ என்பது வழக்கிலுள்ள பெயர். 1993ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டு இதற்குப் பெருவாயில் திறந்தது. அதனை ஆக்கிய இட் சொப்ட்வெயார் நிறுவனத்தார், விளையாட்டை இயக்கும் நிரலை ஒருபுறமும், படம் ஒலி முதலியவற்றை வேறு கோப்புகளாக மறுபுறமும் பிரித்து வைத்தனர். இயக்கும் நிரலைத் தொடாமலே எவரும் புதிய களங்களை அமைக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. உலகெங்கும் இளைஞர்கள் இரவு விழித்து அவற்றை ஆக்கினர். ஒருவரிடம் கற்று இன்னொருவருக்குக் கொடுத்தனர். கூலி எவரும் கேட்கவில்லை. தம் ஆற்றலைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியும், ஒத்த மனமுடையோரின் பாராட்டும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

இந்த மகிழ்ச்சியின் பயன் எங்கே போய்ச் சேர்ந்தது? 1999ஆம் ஆண்டில் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின்மீது ‘கவுண்டர் ஸ்டிரைக்’ என்னும் மோட் ஒன்றை ஆக்கினர். அடுத்த ஆண்டிலேயே வால்வ் நிறுவனம் அதனை வாங்கி விற்பனைப் பொருளாக்கிற்று. அவ்விருவரும் அந்நிறுவனத்திலேயே பணியில் அமர்ந்தனர். அவர்களுக்கு அது நற்பேறு. பெரும்பாலாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் மோட்கள் பெருகப் பெருக மூல விளையாட்டின் ஆயுள் நீண்டது, விற்பனை வளர்ந்தது. 2005ஆம் ஆண்டில் யூலியான் கியூக்லிஹ் என்னும் ஆய்வாளர் இந்நிலையைக் குறிக்க, விளையாட்டு, உழைப்பு என்னும் பொருள்தரும் இரு சொற்களை ஒட்டி ஒரு புதுச் சொல்லையே ஆங்கிலத்தில் ஆக்கினார். விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே பிறருக்காக உழைக்கும் ஒரு கூட்டம் தோன்றிவிட்டது என்பதே அவர் சுட்டிய உண்மை.

பிளிசார்ட் நிறுவனத்தின் கதை இதனை மேலும் விளக்கும். அதன் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டின்மீது 2003ஆம் ஆண்டில் ஆடுவோர் ஒருவர் தொடங்கி, பிறர் கைமாறிக் கைமாறி வளர்த்த ‘டோட்டா’ என்னும் மோட், பின்னர் பல நிறுவனங்கள் பெரும்பொருள் ஈட்டிய ஒரு புதிய விளையாட்டு வகைக்கே வித்தாயிற்று. அந்த ஆதாயம் பிறர் கைக்குப் போயிற்று. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அதே விளையாட்டைப் புதுக்கி வெளியிட்டபோது, ஆடுவோர் அதனுள் ஆக்கும் விளையாட்டுகள் யாவும் தனக்கே முழு உடைமை என்று பிளிசார்ட் தன் விதிகளில் எழுதி வைத்தது. காணியைக் குத்தகைக்கு விடுமுன்பே விளைவு முழுவதையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் காணிக்காரனை இது நினைவூட்டவில்லையா?

இனி, ஆக்கியவற்றை வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். தனியொருவன் தன் செலவில் கோப்புகளை உலகுக்கு வழங்குவது எளிதன்று. இங்கேதான் தளங்கள் வருகின்றன. 2001ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ராபின் ஸ்காட் என்பவர் ஒரு விளையாட்டின் அன்பர்களுக்காகத் தொடங்கிய சிறு தளம், காலப்போக்கில் ‘நெக்ஸஸ் மோட்ஸ்’ என வளர்ந்தது. 2011 நவம்பரில் பெதஸ்தா நிறுவனத்தின் ‘ஸ்கைரிம்’ வெளிவந்தபின் அவ்விளையாட்டுக்கான மோட்களின் தலைமைக் களஞ்சியமாகவே அது ஆயிற்று. விளம்பரத்தாலும் சந்தாவாலும் தளம் வருவாய் பெற்றது. சேமிப்புக்கும் பராமரிப்புக்கும் செலவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பல ஆண்டுகள் ஆக்குநர்கள் அங்கே நிறைவோடுதான் இருந்தனர். ஆனால் களஞ்சியத்தின் மதிப்பு முழுவதும் அதனுள் குவிந்த தானியத்தால் வந்தது. அத்தானியத்தைக் கொணர்ந்தவர்களோ பெரும்பாலும் கூலியற்றவர்கள்.

முதற் கொந்தளிப்பு வேறொரு தளத்தில் எழுந்தது. 2015 ஏப்ரல் 23இல் வால்வ் நிறுவனம் தன் ‘ஸ்டீம்’ தளத்தில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்க வழி செய்தது. விலையில் ஆக்கியவருக்கு நூற்றுக்கு 25, வால்வுக்கு 30, பெதஸ்தாவுக்கு 45. அந்நாட்களில் விற்பனைக்கு வந்தவற்றுள் மீன்பிடிப்பைப் பற்றிய மோட் ஒன்றும் இருந்தது. கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் வாழும் எனக்கு அந்த ஒன்று தனியே நினைவில் நிற்கிறது. அது இன்னொருவர் இலவசமாக வழங்கிய அசைவுப் படங்களைச் சார்ந்திருந்தமையால் பூசல் எழுந்தது. ஆக்கியவர் விற்பனையை நிறுத்திக்கொண்டார். எனினும், காசு கொடுத்து வாங்கியோருக்கு அது கிடைக்க வேண்டுமாதலால் கோப்பை முற்றாக நீக்க இயலாது என்று நிறுவனம் சொல்லிவிட்டதாக அவர் அறிவித்தார். எதிர்ப்பு மனுவில் 1,30,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். நான்கே நாட்களில், ஏப்ரல் 27இல், திட்டம் கைவிடப்பட்டது. பலர் இதனைக் காசு கேட்டதற்கு எதிரான கிளர்ச்சியாகவே கண்டனர். அதனுள் மறைந்திருந்த மற்றொரு கேள்வி, தான் ஆக்கியதைத் தானே திரும்ப எடுக்க ஆக்கியவனுக்கு உரிமை உண்டா என்பது, அன்று முடிவின்றி நின்றது.

அது 2021ஆம் ஆண்டில் நெக்ஸஸ் தளத்தில் மீண்டும் தலைதூக்கிற்று. ஸ்கைரிம் ஆடுவோர் பலர் நூற்றுக்கணக்கான மோட்களை ஒருங்கே இணைத்து ஆடுவர். ஒன்றோடொன்று மோதாமல் அவற்றை அடுக்குவது பெரும்பாடு. ஆதலின் ஒருவர் தேர்ந்து அடுக்கிய பட்டியலைப் பிறர் அப்படியே இறக்கிக்கொள்ளும் ‘தொகுப்பு’ முறையைத் தளத்தார் வகுத்தனர். ஆனால் பட்டியலிலுள்ள ஒரு கோப்பை ஆக்குநர் நீக்கிவிட்டால் தொகுப்பு முழுவதும் குலையும். அதனைத் தடுக்க, நீக்கப்படும் கோப்புகள் இனி அழிக்கப்படமாட்டா. பார்வையிலிருந்து மறைத்துச் சேமித்து வைக்கப்படும். தொகுப்புகளின் வழியே அவை தொடர்ந்து கிடைக்கும் என்று ஜூலை 1இல் அறிவித்தனர். உடன்படாதவர்கள் ஆகஸ்ட் 5க்குள் கேட்டுக்கொண்டால் அவர்தம் கோப்புகள் அனைத்தையும் முற்றாக நீக்கித் தருவதாகவும் கூறினர்.

ஆக்குநர் பலருக்கு இது இடியாக வந்தது. பிழையுள்ள பழைய கோப்பைத் தாம் விலக்கிய பின்னும் அது தம் பெயரால் உலவுமே என்று அஞ்சினர் சிலர். தொகுப்பில் இறக்குவோன் ஆக்கியவரின் பக்கத்தைத் திறந்தும் பார்ப்பதில்லை, வழிகாட்டலைப் படிப்பதில்லை, பழுது நேரும்போது மட்டும் முறையிட வருகிறான் என்று வருந்தினர் சிலர். எல்லாவற்றினும் மேலாக, தம் ஆக்கத்தின் விதியைத் தம்மைக் கேளாமலே முடிவு செய்தார்கள் என்பதே பெரும்புண்ணாயிற்று. பல்லாண்டு உழைத்த சிலர் குறித்த நாளுக்குள் தம் கோப்புகளை எல்லாம் நீக்கிக்கொண்டு வேறு தளங்களுக்கும் சொந்தப் பக்கங்களுக்கும் பெயர்ந்தனர். வேறு சிலர் மனமின்றித் தங்கினர். வாசிப்போர் யாவரும் கூடும் சந்தையை விட்டு எங்கே போவது?

இங்கே நான் ஒரு தயக்கத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதை அறிந்த சமூகத்தில் பிறந்தவன், ஆக்கங்கள் அழிவதை எளிதில் ஆதரிக்கமாட்டான். சேமித்துக் காக்க வேண்டும் என்னும் தளத்தாரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. என் மாணவனின் இழப்பும் பொய்யான இழப்பன்று. ஆயினும் பிறர் பொதுச்செல்வத்தை எரிப்பதும், ஆக்கியவன் தன் ஆக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஒன்றாகா. பின்னது வேலைநிறுத்தத்தின் இனத்தைச் சேர்ந்தது. பேரம் பேச வேறு கருவி இல்லாதவன் தன் உழைப்பையே நிறுத்தி வைக்கிறான். அதனால் பொதுமக்கள் இடர்ப்படுகிறார்கள் என்பது ஒவ்வொரு வேலைநிறுத்தத்தின்போதும் நாம் கேட்டுப் பழகிய முறைப்பாடுதான். இடருக்குக் காரணம் நிறுத்தியவனா, அவனை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாடா என்று பார்ப்பதே நம் கடமை.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நம் வயலுக்கே வருவோம். 1958ஆம் ஆண்டில் விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், பிறர் காணியை வாரத்துக்குச் செய்பவனுக்கு நிலைத்த உரிமை தர முயன்றது. காணிக்காரன் நினைத்தபடி அவனை எழுப்பக்கூடாது. வாரத்தின் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு என்றது. காணிக்காரர்கள் அதனை ஏய்க்க வழி தேடினர். எத்தனையோ உழவர்கள் வெளியேற்றப்பட்டனர். எனினும், வியர்வை சிந்தியவனுக்கு நிலத்தின்மீது ஒரு சொல் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. மோட் ஆக்குநரின் நிலையோ இரட்டைக் குத்தகை. மூல விளையாட்டு என்னும் காணி ஒரு நிறுவனத்துக்கு. சேமிப்புத் தளம் என்னும் களஞ்சியம் இன்னொரு நிறுவனத்துக்கு. இடையில் நிற்பவனுக்கு, விதிகளை வகுக்கும் இரண்டு அவைகளிலும் இடமில்லை. 2025 ஜூனில் நெக்ஸஸ் தளமே ‘சோசன்’ என்னும் நிறுவனத்திடம் கைமாறிற்று. இருபது ஆண்டுக்கு மேலாகத் தானியம் கொணர்ந்தவர்களுக்கு அம்மாற்றத்தில் வாக்கு இருக்கவில்லை.

அப்படியாயின் வெளியேறுவதுதான் வழியா? வரலாறு வேறொரு வழியையும் காட்டுகிறது. 2010ஆம் ஆண்டில் ஒராக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியபோது, ‘ஓப்பன் ஆபிஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருளை வளர்த்துவந்தவர்கள் ஐயுற்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் அவர்கள் தனி அமைப்பொன்றை நிறுவி, ‘லிப்ரே ஆபிஸ்’ என்னும் பெயரில் அதே நிரலைத் தாமே தொடர்ந்தனர். வெளியேறினார்கள், ஆனால் எதனையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. நிரலை எவரும் எடுத்துச்சென்று வளர்க்கலாம் என்று அதன் உரிமம் முன்னமே உறுதிசெய்திருந்தது. நம் கரையிலும் இதற்குச் சான்றுண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளை அழித்தபோது, இலங்கைக் கணினியாளர்கள் தொண்டாகக் கூடிக் காணாமற்போனோரைப் பதியவும் நிவாரணத்தை ஒழுங்குசெய்யவும் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். கட்டற்ற உரிமத்தில் வந்த அதனைப் பின்னர் பிற நாடுகளும் பயன்படுத்தின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கி எவரும் படிக்க வைத்திருப்பதும் தன்னார்வலர் உழைப்பினாலேயே.

இவை இலாபத்துக்கான களஞ்சியங்கள் அல்ல. உழைப்பவர்கள் விதிகளை வகுப்பதில் கைகொண்டவை. கொடை அங்கே பொதுவுடைமையாகிறது. மோட் ஆக்குநருக்கு அந்த வழி முழுதும் திறக்கவில்லை. அவர்கள் உழும் காணி நிறுவனத்துடையது. ஆயினும் களஞ்சியத்தையேனும் ஆக்குநர்களே கூட்டாக நடத்த இயலும். அவ்வாறு நடக்குமாயின், எது காக்கப்படும், எது நீக்கப்படும் என்பதை அவர்களே கூடி முடிவு செய்வர். அந்நிலையில் காப்பதற்கும் உரிமைக்கும் இடையே இத்தனை பகை மூளாது.

என் மாணவனுக்கு இவற்றையெல்லாம் ஒரே மாலையில் சொல்லிவிட முடியவில்லை. கொடுப்பவன் பொருளைத்தான் கொடுக்கிறான், தன் சொல்லைக் கொடுத்துவிடுவதில்லை என்று மட்டும் சொன்னேன். அவன் சற்றுச் சிந்தித்துவிட்டு, “அவர் போனது சரியென்றே வைத்துக்கொள்வோம் சேர், நான் ஒன்றும் செய்யவில்லையே?” என்றான்.

“அவர் பெயர் என்ன?” என்று கேட்டேன்.

ஈராண்டாக அந்த மனிதரின் உழைப்பில் நாள்தோறும் விளையாடியவன் அவன். விடை சொல்லத் தெரியாமல் நின்றான். பிறகு, வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி, மடிகணினியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.