இரண்டு முறை பூட்டும் கடிகாரம்

ஜெர்மனியில், சாக்சனியில், கிளாஸ்ஹூட்டே என்று ஒரு சிற்றூர். 1845-ல் அடோல்ஃப் லாங்கே அங்கே கடிகாரத் தொழில் தொடங்கினார். 1945 மே 8-ல் குண்டுவீச்சில் தொழிற்கூடம் நாசமானது. 1948-ல் மிச்சத்தை அரசு எடுத்துக்கொண்டது. கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990-ல் நிறுவனத்தை மறுபடி பதிவு செய்தபோது வயது 66. நாமெல்லாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயது!

1999-ல் அவர்களுடைய 'டேட்டோகிராஃப்' வந்தது. விலையைக் கேட்காதீர்கள். நொடிகளை அளக்கும் முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்கு வந்து, விட்டதும் மீண்டும் ஓடும். நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ரத்தூர் ஆன் வோல்', பறந்தபடியே திரும்புதல். இயந்திரத்தை முழுக்கப் பூட்டி, சரிபார்த்து, கழற்றிச் சுத்தம் செய்து, இன்னொரு முறை பூட்டுகிறார்கள். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் துண்டில் கையாலேயே பூவேலை செதுக்குகிறார்கள். அது முதுகுப்பக்கம், கையிலிருந்து கழற்றினால்தான் கண்ணில் படும்.