தனுஷ்கோடி: தீவு மக்களின் நினைவில் ஒரு நகரம்

கடல்கோள் என்னும் சொல் தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதென இறையனார் களவியல் உரை கூறும். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். இவை நூல்வழி நாம் அறிந்தவை. ஆனால், கடல் கொண்ட ஓர் ஊரில் பிறந்து, அதன் தெருக்களில் ஓடியாடி, அது அழிந்த இரவையும் கண்டோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவ்வூர் இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் இருந்த தனுஷ்கோடி.

அதன் தொன்மை பெரிது. பாண்டியரின் பழம்பெருங் கோடியில், ஆலமரத்தடியில் இராமன் மறைபொருள் ஆராய்ந்தபோது பறவைகளின் ஒலி அடங்கியதாக அகநானூற்றின் 70 ஆம் பாடல் கூறுகிறது. ஊரில் எழுந்த அலர் அடங்கியமைக்கு அதை உவமையாக்குகிறார் புலவர். அந்தக் கோடி தனுஷ்கோடியே என்பர் அறிஞர் பலர். காசிக்குச் சென்று திரும்புவோர் சேதுவில் நீராடியே தம் யாத்திரையை நிறைவு செய்யும் மரபும் இவ்விடத்தைச் சார்ந்ததே.

புதிய காலத் தனுஷ்கோடி 1914 இல் பிறந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலேறிக் கொழும்பை அடைந்தார். தொடர்வண்டி நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் என அனைத்தும் அம்மணல் திட்டின்மீது எழுந்தன.

இன்று அங்குச் செல்வோர் காண்பவை இடிந்த தேவாலயச் சுவர்களும், ரயில் நிலையத்தின் எஞ்சிய பகுதியும், நீர்த்தொட்டியின் தூண்களுமே. தீவின் மூத்தோர் காண்பவை வேறு. அவர்தம் நினைவில் அச்சுவர்களுக்குக் கூரை உண்டு. ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் கப்பல்களின் பெயர்களை உறவினர் பெயர்களைப் போல உச்சரிப்போர் உளர். தேவாலயச் சுவரில் அந்நியர் காண்பது சிதைவை. தீவினர் காண்பது கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லையும், அதை அடுக்கிய கைகளையும். வடக்கே அமைதியாகக் கிடக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அவர்கள் வழங்குவர். உப்புக் கடல் இருபுறமும் சூழ்ந்திருக்க, மணலைக் கையால் தோண்டி ஊற்று நீர் இறைக்கும் அறிவும் அவர்களுடையதே. எந்தக் கல்வெட்டும் இவற்றைச் சொல்லாது.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு புயல் வந்தது. பேரலைகள் ஊருக்குள் புகுந்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்குகையில் கடல் அதனை வாரிக்கொண்டது. வண்டியிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மாண்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர் என்பது பதிவு. பயணச்சீட்டின்றி ஏறியோர் எக்கணக்கிலும் சேரவில்லை. அவர்களை நினைவிற்கொள்ள அவர்தம் வீட்டார் மட்டுமே உளர்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். அந்த ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் வீழ்ந்ததாக இன்றும் பலர் சொல்கின்றனர், எழுதுகின்றனர். பாம்பன் நிலையம் தீவுக்குள்ளேயே உள்ளது. அங்குப் புறப்பட்டுக் கிழக்கே சென்ற வண்டி பாலத்தைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை. அதே இரவில் பாலமும் சிதைந்ததால் இரு துயரங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மீளவில்லை. நினைவு தனித்து நின்றால் இவ்வாறு மயங்கும். ஆவணம் தனித்து நின்றால் சீட்டில்லாப் பயணியை மறக்கும். வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும்.

அப்புயலுக்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிருந்தது. அதன்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியக் குடிமக்களாக ஏற்கப்படவிருந்தனர். அவர்களின் முன்னோரை ஏற்றி அனுப்பிய துறைமுகமோ, அவர்கள் திரும்பி வருகையில் இல்லை. அவர்கள் இராமேசுவரத்தில் கரையிறங்கினர். அக்கப்பல் போக்குவரத்தும் 1984 இல் நின்றது.

புயலுக்குப் பின் அரசு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடமென அறிவித்தது. சுற்றுலாக் கையேடுகள் அதனை ‘அழிந்த நகரம்’ என்றும் ‘பேய் நகரம்’ என்றும் எழுதின. ஆயினும் மீனவர் அம்மணலை விட்டு முற்றிலும் அகலவில்லை. கம்பிப்பாட்டிலும் பாலத்திலும் பனையோலைக் குடிசைகள் எழுந்தன. கரைவலை மீண்டும் இழுக்கப்பட்டது. தாம் வாழும் ஊரைப் பேய் நகரம் என்று பிறர் அழைப்பதைக் கேட்டவாறே அவர்தம் குழந்தைகள் வளர்ந்தனர். 2017 இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் வருவோர் தொகை பெருகியது. வருவோர் இடிபாடுகளைப் படமெடுக்கின்றனர். அருகே வலை உலர்த்தும் மூதாட்டியிடம் ஒரு சொல் கேட்பவர் சிலரே.

ஒரு மரபிடத்தைக் காப்பது சுவர்களுக்கு முட்டுக்கொடுப்பதோடு முடிவதன்று. பவளக்கல்லை உப்புக்காற்று நாளும் அரிக்கிறது. அச்சுவர்கள் ஒருநாள் சாயக்கூடும். அவற்றினும் விரைவாக மறைபவர் அவற்றை அறிந்த மக்கள். 1964 இல் பத்து வயதுச் சிறாராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் சொல்லும் கப்பற்பெயர், கடற்பெயர், காற்றின் பெயர், மீனின் பெயர் ஒவ்வொன்றும் தமிழின் செல்வம். அவற்றைக் கேட்டுக் குறித்துவைத்தல் வரலாற்றறிஞர்க்கு மட்டும் உரிய பணியன்று. சொல்லையே வாழ்வாகக் கொண்ட கவிஞர்க்கும் உரியது.

அன்று கோடியில் பறவைகளின் ஒலி அடங்கியதைக் கூடச் செவியுற்று ஒரு புலவர் பாட்டில் வைத்தார். இன்று அதே கோடியில் அடங்கிக்கொண்டிருப்பவை மனிதரின் குரல்கள். அவை முற்றும் அடங்குமுன் செவிசாய்ப்பது அப்புலவரின் வழிவந்தோர் கடன்.