மேகத்துக்கு அப்பால் ஒரு கண்

2025-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி மாலை, ஆவடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடக்குப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிந்திருக்கும் நாட்களில் அந்த நெருப்புக் கோட்டை இங்கிருந்தே காணலாம். மணி 5.40 ஆயிற்று. மேகம் திரை போட்டுவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து மாடியில் நின்றவர், டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்தார். "மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் யந்திரமாம். அதையே மேகம் மறைத்துவிட்டது பார்த்தீர்களா, ஸார்!"

அந்த யந்திரம் நிசார்; இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ராடார் செயற்கைக்கோள். எரிந்த காட்டை அளக்கவும் அது உதவும் என்று படித்திருந்தேன். படித்தபோதே மனம் குரங்கணிக்குப் போய்விட்டது.

2018 மார்ச் 11. தேனி மாவட்டத்து மலையில், சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்ற மலையேறிகள் காய்ந்த புல்லில் பாய்ந்த தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வாரம் பத்திரிகையைப் பிரிக்கவே கை கூசியது.

ராடார் பிறந்தது காட்டுக்காக அல்ல. 1935-ல் பிரிட்டனில் வாட்ஸன் வாட் அதைச் சோதித்தது, பகை விமானத்தைக் கண்டுபிடிக்க. 1951-ல் அமெரிக்கரான கார்ல் வைலிக்கு ஒரு யுக்தி தோன்றியது. ஓடும் விமானத்திலுள்ள சிறு ஆன்டெனா, வழி நெடுகப் பெறும் எதிரொலிகளைக் கூட்டினால் பிரம்மாண்டமான ஆன்டெனாவின் பார்வை கிடைக்குமே! அந்த யுக்தி 1978-ல் ஸீஸாட் என்ற கோளில் விண்ணேறியது. கடலைப் பார்க்கப் போன அக்கோளின் ஆயுள் மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் வழி திறந்துவிட்டது. நம் நாடும் 2012-ல் ரிஸாட்-1 கோளை அனுப்பியது.

சாதாரணக் காமிரா சூரிய வெளிச்சத்தை நம்பியது. புகையும் இரவும் அதைக் குருடாக்கிவிடும். ராடார் தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிக்கொள்கிறது. இலையும் கிளையும் அலையைப் பல பக்கமும் சிதறடிக்கும். அவை எரிந்துபோனால் அந்தச் சிதறல் குறையும். தீக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் ஒப்பிட்டால் எரிந்த நிலத்தின் எல்லை புலப்படும்.

ஆனால் விதி எங்கும் ஒன்றல்ல. 1991-ல் ஐரோப்பியர் அனுப்பிய ஈ.ஆர்.எஸ்.-1, அலாஸ்காவின் எரிந்த காடுகளை மங்கலாக அல்ல, பளிச்சென்று காட்டியது! மரப்போர்வை போன பின் நிலத்தில் ஈரம் மிகுந்ததே காரணம். மழை பெய்தாலும் கணக்குத் தடுமாறும். செங்குத்தான மலைச்சரிவு ராடாருக்கும் நிழல். புல்லெரிந்த இடமோ ஒரு மழையில் பச்சை பிடித்துவிடும். மரத்தடியில் சருகு மட்டும் எரிந்தால் சிற்றலை மேலிலையோடு நின்றுவிடும். ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் நீளமுள்ள நிசாரின் பேரலை இன்னும் உள்ளே போகும்.

"எல்லாம் சரி, ஸார். எரிந்த பிறகு படம் வரைந்து என்ன பயன்?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. தீப்பற்றிய சேதி சொல்ல வேறு கோள்கள் உண்டு. அவற்றின் வெப்பக் கண்ணைக் கொண்டு இந்திய வன அளவைத் துறை 2004 முதல் எச்சரிக்கை அனுப்பி வருகிறது. ராடார் படம் கணக்குப் புத்தகம். எந்தச் சரிவு ஆண்டுதோறும் எரிகிறது, எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும், எந்தப் பாதையைக் கோடையில் மூட வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புரட்டுவதற்கு ஆள் வேண்டும். அதைக் கோள் செய்யாது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. வெகு நேரம் மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.