தொண்ணூற்றிரண்டு மணவறைகள்!

நண்பர் ஒருவரின் மகனுக்குக் கல்யாணம். பையனுக்கு வீடு வேளச்சேரி. பெண்ணுக்கு வீடு குரோம்பேட்டை. கல்யாணம் நடக்கப்போவது ராஜஸ்தானில், ஒரு கோட்டையில்! 'நடுவில் மண்டபமே கிடைக்கவில்லையா?' என்று அப்பாவியாகக் கேட்டுவிடாதீர்கள். இதற்குப் பெயர் 'டெஸ்டினேஷன் வெட்டிங்'. நான் ஏற்கெனவே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பையன் போன வாரம் போன் பண்ணினான். "அங்கிள், நீங்கதான் ஹிஸ்டரியெல்லாம் எழுதறீங்களே... ராஜா காலத்துக் கல்யாணம் ஒண்ணு சொல்லுங்க. சும்மா அதிரணும்! அதையே தீமா வெச்சு செட் போட்டுடலாம். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். அது எங்க ரெண்டு பேரையும் காட்டற மாதிரி இருக்கணும்!"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிரமாண்டம் வேண்டும், சரித்திரம் வேண்டும், அதில் மாப்பிள்ளை-பெண்ணும் தெரிய வேண்டும். மூன்றும் ஒரே மேடையில் ஏறுமா? சுமார் இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பு ஒருவர் முயற்சி செய்து பார்த்திருக்கிறார். நீங்களும் அவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் அலெக்ஸாண்டர்!

இடம்: ஸூஸா. இன்றைய ஈரானின் தென்மேற்கில், ஷுஷ் என்ற ஊராக இருக்கிறது. அன்றைக்குப் பாரசீகப் பேரரசின் தலைநகரங்களில் ஒன்று. காலம்: கி.மு. 324. இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் கெட்ரோசியா பாலைவனத்தில் ஏராளமான உயிர்களைப் பறிகொடுத்துவிட்டு, களைத்துப்போய் வந்து சேர்ந்திருக்கிறது அலெக்ஸாண்டரின் படை. வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதம் தூங்கியிருப்பார்கள். அலெக்ஸாண்டர் பந்தக்கால் நட்டார்!

ஒரு கல்யாணம் இல்லை. அவருடைய தளபதிகளுக்கும் நண்பர்களுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரே நாளில். மாப்பிள்ளைகள் எல்லோரும் மாசிடோனியர்கள், கிரேக்கர்கள். மணப்பெண்கள் எல்லோரும் பாரசீக சாம்ராஜ்யத்தின் பெரிய இடத்துப் பெண்கள். சுமார் எண்பது நண்பர்களுக்கு மணம் முடித்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் அர்ரியன். அலெக்ஸாண்டரின் அரண்மனை அதிகாரியாக இருந்த கேரஸ் என்பவர், தொண்ணூற்றிரண்டு மணவறைகள் கட்டப்பட்டன என்கிறார்.

கேரஸ் தந்திருக்கும் வர்ணனையைப் படித்தால், இன்றைய ஈவென்ட் மேனேஜர்கள் தொழிலையே விட்டுவிடுவார்கள். பந்தலைத் தாங்கி நின்ற தூண்கள் ஒவ்வொன்றும் சுமார் முப்பது அடி உயரம். பொன்னும் வெள்ளியும் பூசி, ரத்தினக் கற்கள் பதித்தவை. சுற்றிலும் தங்க இழையோடிய கருஞ்சிவப்புத் திரைச்சீலைகள். முற்றத்தைச் சுற்றி வந்தாலே முக்கால் கிலோமீட்டர். ஒவ்வொரு ஜோடிக்கும் அலங்கரிக்கப்பட்ட கட்டில். ஒன்றின் மதிப்பு மட்டும் இருபது மினா, அதாவது சுமார் எட்டரை கிலோ வெள்ளி. ராஜாவின் கட்டிலுக்கு மட்டும் தங்கக் கால்கள்! விருந்தில் எது எப்போது நடக்கிறது என்று அறிவிக்க எக்காளம். யாழ், குழல், நாடகம், வித்தை என்று ஐந்து நாள் கொண்டாட்டம். விருந்தினர்கள் ஒன்பதாயிரம் பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கக் கிண்ணம் என்கிறார் ப்ளூடார்க். நம் ஊரில் தாம்பூலப் பை கொடுக்கிறோமே, அந்த மாதிரி!

சடங்கு மட்டும் முழுக்கப் பாரசீக முறை. மாப்பிள்ளைகளுக்கு வரிசையாக ஆசனங்கள். மதுக்கிண்ணம் உயர்த்தி வாழ்த்துச் சொன்னதும் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குரிய மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது. முதலில் முத்தமிட்டவர் அலெக்ஸாண்டர். பெண்களுக்கான சீரையும் அவரே கொடுத்துவிட்டார்.

மொய்? தூதர்களும் மற்றவர்களும் அனுப்பிவைத்த பொன் மகுடங்களின் மதிப்பு 15,000 டாலன்ட் என்கிறார் கேரஸ். ஒரு டாலன்ட் சுமார் 26 கிலோ வெள்ளி. காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கை சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். 390 டன் வெள்ளி! கேரஸ் கொஞ்சம் ஊதியிருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டாலும் தலை சுற்றுகிறது.

வரவு மட்டுமல்ல, செலவும் பெரிசு. 'படை வீரர்களின் கடனையெல்லாம் நானே அடைக்கிறேன். கடன்பட்டவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்' என்று அறிவித்தார் அலெக்ஸாண்டர். ஆரம்பத்தில் பலரும் பெயர் கொடுக்கத் தயங்கினார்கள். 'யாரெல்லாம் ஊதாரி என்று கண்டுபிடிக்க ராஜா போடும் திட்டமோ?' என்று சந்தேகம். (இன்கம்டாக்ஸ் நோட்டீஸைப் பார்த்தால் நமக்கு வருமே, அதே உதறல்தான்!) விஷயம் தெரிந்ததும் ராஜா வருத்தப்பட்டார். முகாமில் மேஜைகளைப் போட்டு, அவற்றின் மேல் பணத்தைக் குவித்து, 'பெயரே வேண்டாம், பத்திரத்தைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார். இதற்கு ஆன செலவு 20,000 டாலன்ட் என்கிறார் அர்ரியன். ப்ளூடார்க் கணக்கில் 9,870.

சரி, இத்தனையும் எதற்கு? ஜெயித்தவனும் தோற்றவனும் சம்பந்திகளாகிவிட்டால் சாம்ராஜ்யம் நிலைக்கும் என்பது அலெக்ஸாண்டரின் கணக்கு. மேடைக்கு முன்னால் நின்று பார்த்தால் அற்புதமான காட்சி. கொஞ்சம் மேடைக்குப் பின்னால் வாருங்கள்.

அலெக்ஸாண்டரின் மணப்பெண் ஸ்டாடீரா, பாரசீகச் சக்கரவர்த்தி டேரியஸின் மகள். அப்பாவைத் தோற்கடித்தவர்தான் இப்போது மாப்பிள்ளை! கி.மு. 333-ல் இஸ்ஸஸ் போரில் தாய், பாட்டி, தங்கை, தம்பியோடு சிறைபிடிக்கப்பட்ட பெண் அவர். சிறையிலேயே தாய் இறந்துபோனார். பிள்ளைகளை ஸூஸாவில் விட்டு, கிரேக்க மொழி கற்றுக்கொடுக்க ஆளையும் போட்டுவிட்டு மேலே படையெடுத்துப் போனார் அலெக்ஸாண்டர். ஏழெட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து கையைப் பிடித்தார். அவருக்கு ஏற்கெனவே ரொக்ஸானா என்ற மனைவி உண்டு என்பது தனிக் கதை. ஸ்டாடீராவின் தங்கை ட்ரைபெடிஸை உயிர் நண்பர் ஹெஃபாஸ்டியனுக்குக் கட்டிவைத்தார். காரணம்? தன் பிள்ளைகளும் நண்பனின் பிள்ளைகளும் ஒன்றுவிட்ட சகோதரர்களாக வேண்டுமாம்!

இந்தப் பட்டியலில் இன்னொரு பெண், அபாமா. அவருடைய தந்தை ஸ்பிடாமெனிஸ், மத்திய ஆசியாவில் அலெக்ஸாண்டரைத் தூங்கவிடாமல் அடித்த கலகக்காரர். கடைசியில் கூட்டாளிகளே அவருடைய தலையை வெட்டி அலெக்ஸாண்டருக்கு அனுப்பிவைத்தார்கள் என்கிறார் அர்ரியன். அந்தத் தலையைப் பெற்றுக்கொண்டவர் போட்ட பந்தலில்தான், மகள் மணப்பெண்ணாக வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை, செலூகஸ் என்ற தளபதி.

மாப்பிள்ளைகளாவது சந்தோஷமாக இருந்தார்களா? பாரசீக முறைக் கல்யாணம் மாசிடோனியர்களுக்குப் பிடிக்கவில்லை, மாப்பிள்ளைகளிலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை என்று எழுதுகிறார் அர்ரியன். பாரசீக மொழியைக் கற்றுக்கொண்ட ஒரே மாசிடோனியர் என்று ப்யூசெஸ்டஸ் என்பவரை மட்டும்தான் அவர் குறிப்பிடுகிறார். யோசித்துப் பாருங்கள்... எட்டரை கிலோ வெள்ளி மதிப்பில் கட்டில் போட்டாயிற்று. அதில் உட்கார்ந்து 'சாப்பிட்டாயா?' என்று கேட்க ஒரு பாஷை?

பிறகு எல்லாம் மளமளவென்று சரிந்தது. அதே வருடம் ஹெஃபாஸ்டியன் இறந்தார். ட்ரைபெடிஸ் சில மாதங்களிலேயே விதவை. அதே வருடம்தான் சுமார் பத்தாயிரம் மூத்த வீரர்களை ஊருக்கு அனுப்பினார் அலெக்ஸாண்டர். 'ஆசியப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளை இங்கேயே விட்டுப் போங்கள். ஊரில் இருக்கும் குடும்பத்தோடு சண்டை வரும். நானே அவர்களை வளர்த்து, பெரியவர்களானதும் அழைத்து வருகிறேன்' என்றார். கி.மு. 323 ஜூன் மாதம் பாபிலோனில் அவரே இறந்துபோனார்.

செய்தி கேட்ட ஸ்டாடீராவின் பாட்டி, அன்னம் தண்ணீரை ஒதுக்கி உயிரை விட்டார். கர்ப்பமாக இருந்த ரொக்ஸானா, பொய்க் கடிதம் எழுதி ஸ்டாடீராவை வரவழைத்து, தங்கையோடு சேர்த்துக் கொன்று, உடல்களைக் கிணற்றில் போட்டு மூடச் செய்தார் என்கிறார் ப்ளூடார்க். தளபதி க்ரேடரஸ் தன் பாரசீக மனைவி அமாஸ்ட்ரிஸை வேறொருவருக்கு மணம் செய்துகொடுத்துவிட்டு, மாசிடோனியாவின் பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். (அமாஸ்ட்ரிஸ் சளைத்தவர் இல்லை. பின்னாளில் ராணியாக ஆண்டு, தன் பெயரில் ஒரு நகரமே அமைத்தார். துருக்கியில் கருங்கடலோரம் அது இன்றும் 'அமாஸ்ரா'வாக இருக்கிறது.) மற்ற மணப்பெண்களில் பெரும்பாலோர், ஐந்தாம் நாள் விருந்து முடிந்ததும் சரித்திரத்தைவிட்டே வெளியே போய்விட்டார்கள்.

ஒரே ஒரு ஜோடி மட்டும் பளிச்சென்று நிற்கிறது. செலூகஸ் - அபாமா!

அலெக்ஸாண்டர் போன பிறகும் செலூகஸ் அபாமாவைக் கைவிடவில்லை. அவர்களுடைய மகன் அந்தியோகஸ், அப்பாவுக்குப் பிறகு சக்கரவர்த்தி ஆனார். கல்யாணமாகிச் சுமார் கால் நூற்றாண்டு கழித்து, மிலெடஸ் நகர மக்கள் அபாமாவைப் பாராட்டித் தீர்மானம் போட்டுக் கல்லில் பொறித்தார்கள். எதற்கு? செலூகஸின் படையில் பணியாற்றிய தங்கள் ஊர் வீரர்கள்மேல் அவர் காட்டிய அக்கறைக்காக! செலூகஸ் ராமர் என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் அரசியலுக்காக ஸ்ட்ராடோனிஸ் என்ற இளவரசியையும் மணந்தார். ஆனாலும் அபாமாவின் பெயரில் அவர் அமைத்த நகரங்கள் நின்றன. அதில் சிரியாவில் உள்ள அபாமியா ரொம்ப விசேஷம். சந்திரகுப்த மௌரியரிடம் சமாதானம் பேசி, மணவுறவு ஒப்பந்தமும் செய்துகொண்டு, செலூகஸ் வாங்கிப்போன ஐந்நூறு யானைகள் இருக்கின்றனவே... அவை கட்டப்பட்டிருந்தது அந்த ஊரில்தான். கலகக்காரரின் மகள் பெயர் சூட்டிய நகரத்தில் நம் ஊர் யானைகள்!

ஸூஸா பந்தல் எப்போதோ மண்ணோடு போய்விட்டது. செலூகஸ்-அபாமா வம்சம், கி.மு. 64 வாக்கில் ரோமானியத் தளபதி பாம்பே வந்து முடித்துவைக்கும் வரை, இருநூறு வருடங்களுக்கு மேல் ஆண்டது.

இப்போது நம் வேளச்சேரிப் பையனுக்கு வருவோம். இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்ன அங்கிள், கல்யாணத்துக்குத் தீம் கேட்டா கிணத்துல கொண்டுபோய் விடறீங்க?"

"தம்பி, ஸூஸாவுல குறைன்னு சொன்னா ஒண்ணுதான். அங்க பார்த்த இடமெல்லாம் அலெக்ஸாண்டர் தெரிஞ்சார். மாப்பிள்ளையும் பெண்ணும் தெரியலை. நீ கோட்டை எடு, குதிரை எடு, தலைப்பாகை கட்டு, வேண்டாங்கலை. ஆனா அந்தக் கோட்டை யாரோடது, அங்க யார் வாழ்ந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள். போட்டோ நல்லா வரும்னு சொன்னாங்க."

"சரி, அதை விடு. நீங்க ரெண்டு பேரும் முதல்ல எங்க பார்த்துக்கிட்டீங்க?"

சிரித்தான். "பறக்கும் ரயில்ல. வேளச்சேரியில ஏறுவோம். ரெண்டு பேருக்கும் தரமணியில ஆபீஸ். மூணே மூணு ஸ்டேஷன். ஒரு வருஷம் பேசவே இல்லை..."

அதன் பிறகு அவன் நிறுத்தவில்லை. முதலில் பேசியது யார், மழையில் ரயில் நின்றுபோன அன்று என்ன ஆயிற்று, பெண்ணின் அப்பா என்ன சொன்னார் என்று முக்கால் மணி நேரம். ராஜஸ்தான் கோட்டையின் பெயர் அதில் ஒரு தடவைகூட வரவில்லை.

நேற்று மறுபடி போன். கோட்டை கேன்சல் ஆகவில்லை. அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம்! ஆனால், மூன்று நாள் நிகழ்ச்சியில் ஒரு சாயங்காலத்தை மட்டும் ஈவென்ட்காரர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார்களாம். அன்றைக்குச் செட் கிடையாது, எக்காளம் கிடையாது. இரண்டு பேரும் மேடையேறி, தங்கள் கதையைத் தாங்களே சொல்லப்போகிறார்கள்.

நான் டிக்கெட் போட்டுவிட்டேன்.