சுவரில் முளைத்த மரம்

பாலவாக்கம் கடற்கரையிலிருந்து வடக்கே கொட்டிவாக்கத்தைத் தாண்டினால் திருவான்மியூர். மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைப் புத்தகமாக்கி உலகுக்கு அனுப்பிய தாரா புக்ஸ் பதிப்பகம் அங்கேதான் இருக்கிறது.

அந்த மரங்கள் முதலில் வீட்டுச் சுவரில் இருந்தவை. பர்தான் கோண்டுப் பெண்கள் திருவிழாக்காலங்களில் சுவரிலும் தரையிலும் திக்னா எனப்படும் கோலங்களை வரைவார்கள். மழைக்காலம் வந்தால் கரைந்துவிடும். 1980களின் தொடக்கத்தில், போபாலிலுள்ள பாரத் பவன் கலை மையத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு, பாட்டன்கர் கிராமத்தில் ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞர் வரைந்த சுவரைப் பார்த்து அவரை நகரத்துக்கு அழைத்துவந்தது. சுவரோவியம் தாளுக்கு ஏறியது அப்படித்தான். ஜங்கர் 2001இல் இறந்துபோனார். அவர் வழியில் வந்த பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த மரங்கள் 2006இல் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' ஆயின.

கையால் செய்த கறுப்புத் தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். ஒன்று காய்ந்த பிறகே அடுத்த நிறம். பிறகு கையால் தைத்துக் கட்டுகிறார்கள். கிளைமீது விரலை ஓட்டினால் மை தட்டுப்படும். 2008இல் போலோஞா புத்தகக் கண்காட்சியில் விருது வாங்கியது இந்தப் புத்தகம்.

ஆனால் கலைஞர்கள் வாயால் சொன்ன கதை அச்சேறியது ஆங்கிலத்தில். ஓவியத்துக்குக் கிடைத்த ஆயுள் அந்தப் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. இது என்னை உறுத்துகிறது.

சொன்னவர்களின் மொழியிலேயே அச்சான கதைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பள்ளிகளில் 1973முதல் இருமொழிக் கல்விக்காகப் பூர்வகுடி மொழிகளிலேயே படப்புத்தகங்கள் அச்சாயின. ஆதரவு குறைந்ததும் அவை பள்ளி அலமாரிகளில் முடங்கின. 2012இல் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகம் முன்னின்று அவற்றைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்யத் தொடங்கியது. கதை சொன்னவர், படம் வரைந்தவர் பெயர்களோடு ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இன்று இணையத்தில் உள்ளன.

நமக்கும் முன்மாதிரி தூரத்தில் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் இன்று தரமணியில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பழங்குடிப் படப்புத்தகங்களுக்கும் அத்தகைய காப்பகம் வேண்டும். அச்சான பிரதி மட்டும் போதாது; மூல ஓவியம், அச்சுக்கான பிலிம், கதை சொன்னவரின் சொந்தப் பேச்சு ஒலிப்பதிவு எல்லாமே சேரவேண்டும்.

உங்கள் வீட்டில் இருளர், தோடர், குறும்பர் மொழியில் சின்னப் படப்புத்தகம் ஏதேனும் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வரைந்தவர், சொன்னவர் பெயர் தெரிந்தால் உள்ளட்டையில் எழுதி, ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள்.